கொலாபரேட்டுக்கு ஒரு சான்று குறைகிறது

ஜூலை 1, செவ்வாய்

ஐம்பத்து மூன்று வயதான, மீசைக்கு மாதம் இருமுறை சாயம் பூசிக்கொள்கிற ஒரு மனுஷன் இன்று ஓர் ஆங்கில வினைச்சொல்லை டிபன் பாக்ஸில் ஒளித்து வீட்டுக்குக் கடத்தி வந்தான். தயிர்சாதத்துக்கு மேலே, மூடிக்குக் கீழே. அந்த மனுஷன் நான்தான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நோட்டில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

சொல் ‘கொலாபரேட்’. ஓர் அட்டையில் எழுதியிருக்கிறது. அட்டை இப்போது நார்த்தங்காய் ஊறுகாய் வாசனையோடு மேசையில் காய்கிறது.

நாலு வருஷமாக நானும் வேதமுத்துவும் ஓர் அகராதி செய்துகொண்டிருக்கிறோம். தமிழர்கள் தமிழ் பேசும்போது நடுநடுவே போடுகிற ஆங்கிலச் சொற்களின் அகராதி. பாளையங்கோட்டையில் கோமதியம்மாவின் அச்சக மாடியில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. விசிறி அவர் பக்கம்தான் அதிகம் திரும்பும். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், புழங்கும் விதம், அப்புறம் மூன்று சான்று வாக்கியங்கள். சான்று நிஜமாகவே யாராவது பேசியதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும். பேச்சு என்றால் நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று ஒன்றாகக் காதால் கேட்டிருக்க வேண்டும். எழுத்து என்றால் அந்தத் தாளை ஒருவர் மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் வேதமுத்து போட்டது. முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சி தும்மினால் தும்மலையும் எழுதிவைத்த ஆள். நானோ வாரப் பத்திரிகைகளுக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதிப் பிழைத்தவன். தும்மலைப் பாட்டாக்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கொலாபரேட்டுக்கு இரண்டு சான்று தேறியிருக்கிறது. ஒன்று, வண்ணார்பேட்டைக் கல்யாண போட்டோக்காரர் சொன்னது: “மேக்கப் அக்காவும் நாங்களும் கொலாபரேட் பண்ணித்தான் ஆர்டர் எடுக்கோம்.” இன்னொன்று ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ். மூன்றாவது, போன வருஷம் நான் தனியாகக் கேட்டதாக எழுதியது. அதை இன்று கையில் எடுத்தார் வேதமுத்து. ‘அல்வாக் கடையும் சுகர் டாக்டரும் கொலாபரேட் பண்ணினால்தான் திருநெல்வேலி ஓடும்.’

“யாருவே சொன்னா?”

“டவுன்ல ஒரு துணிக்கடை ஆளு.”

“பேரு?”

“பேரக் கேட்டா பேசுறத நிப்பாட்டிருவாம்லா.”

“வாக்கியம் ரொம்ப நல்லா இருக்குவே.”

“சந்தோசம்.”

“அதான் இடிக்கு. நெசத்துல பேசுதவன் இம்புட்டு நல்லாப் பேச மாட்டான். நாளைக்குப் போயி அந்த ஆளப் பாப்பமா?”

அவர் முகம் கழுவப் போனார். அட்டை டிபன் பாக்ஸுக்குள் போனது. இந்த ஓர் அட்டைதான் இப்படி. மற்றதெல்லாம் சுத்தம்.

வீட்டுக்காரி இசக்கியம்மாள் பாத்திரம் கழுவ எடுக்கும்போது கண்டுபிடித்தாள். “இது என்னது, அட்டையத் தொட்டுக்கிட்டா சாப்பிட்டிய?” நான் அட்டையைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். “ஆமா, புஸ்தகத்துல ஒங்க பேரு மொதப் பக்கத்துல வரும்லா? அம்பாசமுத்திரத்துல எங்க அண்ணன்ட்ட சொல்லிட்டேன்.” அந்த அண்ணன் இருபத்தைந்து வருஷமாக என்னை ‘எழுத்தாளர் மாப்ள’ என்று கூப்பிடுகிறார். கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்.

ஜூலை 2, புதன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அட்டை எங்கவே?” மாடி ஏறியதும் முதல் கேள்வி.

“வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருந்தேன். கொஞ்சம் மெருகேத்தலாம்னு.”

“சான்றுக்கு எதுக்குவே மெருகு? பித்தளைக் குத்துவெளக்கா அது?”

கொடுத்தேன். ஊறுகாய்க் கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தன் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து டவுனுக்கு ஓட்டினார். ரத வீதியில் ஏழு துணிக்கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் கோர்ட்டுக் குரலில் என் வாக்கியத்தை வாசித்து, “இத இங்க யாரும் சொன்னியளா?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் என் எழுத்தை யாரும் இவ்வளவு சத்தமாக, இவ்வளவு கடைகளில் வாசித்ததில்லை. நியாயமாக நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஜாக்கெட் பிட் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

ஐந்தாவது கடையில் ஒரு விற்பனையாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் சொல்லல சார். ஆனா இனிமே சொல்லுவேன்.”

திரும்பும் வழியில், “அந்த ஆளு வேலைய விட்டு நின்னிருப்பான்” என்றேன். வேதமுத்து வண்டியை முறுக்கிக் கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டினார்.

ஜூலை 3, வியாழன்

வேதமுத்து பேசவில்லை. மதியம் வடை வந்தபோது என் பங்கைக் காகிதத்தில் வைத்து என் பக்கம் தள்ளினார். பேசாமலே வடை கொடுக்கிற ஆளை என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கோமதியம்மா மாடிக்கு வந்தார். கையில் முகப்புத் தாளின் புரூஃப்.

“அண்ணாச்சிமாரே, இருவத்தஞ்சாம் தேதி மிஷின் ஏறணும். இதப் பாருங்க.”

பார்த்தேன். ‘தொகுப்பாசிரியர்கள்: சா. வேதமுத்து, ஆ. ஆவுடையப்பன்.’ என் பெயர் ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில். இருபத்தெட்டு வருஷத் துணுக்குகளில் என் பெயர் எப்போதும் அடைப்புக்குறிக்குள்தான் வந்திருக்கிறது, அதுவும் பாதி நேரம் ‘ஆவுடையம்மாள்’ என்று. செல்போனில் படம் பிடித்து இசக்கிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அது அம்பாசமுத்திரம் போயிருக்கும்.

“ஒரு அட்டை பாக்கிம்மா” என்றார் வேதமுத்து.

“ஒரு வார்த்ததான? விட்டுருங்களேன்.”

“வார்த்தைய விடலாம். ஆனா போன வருசம் எனக்குக் கண் ஆபரேசன் ஆச்சுல்லா, அந்த மூணு மாசமும் இவுரு தனியாத்தான் அலைஞ்சாரு. இவுரு கேட்டத இவுரே எழுதினாரு. நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டேன். இப்ப ஒண்ணு இடிக்கு. ஒண்ணு இடிச்சா மத்ததையும் திருப்பிப் பாக்கணும்.”

அவர் சொன்னது உண்மைதான். கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் விரலைப் பிடித்து அட்டையின் மூலையில் வைப்பேன், அவர் போடுவார். “ஒம்ம காது என் காதுதான்வே” என்றார் அன்றைக்கு. என்ன பேச்சு இது? நோயாளி என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா?

கோமதியம்மா கண்டிப்பான ஆள். “அப்ப சரி. ‘எல்லாச் சான்றும் நெசம்’னு ஒரு தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்காகப் போட மாட்டேன்னா, அந்த இன்னொருத்தர் பேரு முகப்புல இருக்காது. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன சொல்லுறது?”

அந்த மூன்று மாதத்தில், மனசாட்சிப்படி சொன்னால், ஒன்றிரண்டு அட்டை கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். வெயில் அப்படி.

ஜூலை 6, ஞாயிறு

வேதமுத்து வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி ஹாரன் அடித்தார். சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை.

“ஒம்ம துணிக்கடை ஆளு போவட்டும்வே. நாம ரெண்டு பேரும் சேந்து நெசமா ஒண்ணு கேட்டுருவோம். அந்த அட்டை நேராயிட்டா மத்ததையும் நேர்னே வச்சிக்கிடுதேன். கிண்ட மாட்டேன்.”

இதைவிட நல்ல பேரம் எனக்குக் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். ஊரே ஆங்கிலத்தில் தமிழ் பேசியது. ‘அட்ஜஸ்ட்’ பதினொன்று. ‘டென்ஷன்’ இருபதுக்கு மேல். ‘கோஆபரேட்’ நான்கு. கொலாபரேட் மட்டும் பூச்சியம்.

கோஆபரேட் நான்கையும் நான் கவனித்தேன். ஒரு கண்டக்டர், ஒரு போலீஸ்காரர், ஒரு பள்ளிக்கூடத்து அம்மா, தண்ணி வராததைச் சமாளிக்க வந்த ஒரு கவுன்சிலர். நான்கு பேருமே பிறருக்குச் சிரமம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஆக, சிரமத்தைக் கொடுப்பவர் சிரமப்படுகிறவரிடம் கேட்பது கோஆபரேட். பண்ணுங்க என்றுதான் முடியும். பண்ணுகிறேன் என்று எவரும் தானாக வந்து சொல்லிக் கேட்டதில்லை. இதை வேதமுத்துவிடம் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தார், எழுதியும் வைத்தார்.

“அப்ப கொலாபரேட்டுக்குப் பொருள் சொல்லும்.”

“ஒருத்தர் ஒழைக்க, ரெண்டு பேரு பேரு போடுறது.”

சிரிப்பு போய்விட்டது. “அது ஒம்ம பொருள்” என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை வாசித்தார். ‘ஒன்றை ஆக்குவதற்காக இருவரோ பலரோ தத்தம் திறனைக் கொண்டுவந்து சேர்ந்து வேலை செய்தல். யாருடன் என்பதும் எந்த வேலையில் என்பதும் வாக்கியத்தில் வரும். சமமானவர்களுக்கிடையே வழங்குவது.’

சமமானவர்கள்! அந்த மின்விசிறி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. அவ்வளவு கூட்டத்தில் ஒருவன்கூடவா சொல்ல மாட்டான் என்று டவுனுக்குப் போனோம். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இடம் இதைவிட்டால் ஏது?

ஒருவனும் சொல்லவில்லை. ‘இழு’ என்கிறார்கள், ‘ஏய்’ என்கிறார்கள், ‘நிறுத்துல’ என்கிறார்கள். வேலை நடக்கிற இடத்தில் வேலையின் பெயரை யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. வேதமுத்து நோட்டைப் பையில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வடத்தைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், “சாருக்கு எந்தூரு?” என்று கேட்டார். “சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு” என்றார் இவர். “வாங்க வாங்க, நல்லாப் புடிங்க.”

நானும் பிடித்தேன். தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: “ஓய் கண்ணாடி! வடத்தக் கையில வச்சிக்கிட்டு வேடிக்கையா பாக்கீரு? இழும்வே!” சுற்றிலும் என்னைப் போல நாலைந்து பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவர்களில் யாரையாவது சொல்லியிருப்பான்.

இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எனக்கு அதில் ஒன்றும் கூச்சம் இல்லை.

மூன்று நாளாக அச்சகத்து முனை டீ மாஸ்டர் சங்கரபாண்டியிடம் பழகி வைத்திருந்தேன். வேதமுத்து டீ குடிக்கும்போது, பேச்சுவாக்கில், ஒரே ஒரு தடவை, ‘பரோட்டா மாஸ்டரோட கொலாபரேட் பண்ணித்தான் கடைய ஓட்டுதேன்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பொய்கூட இல்லை, அவர் நிஜமாகவே பரோட்டா மாஸ்டரோடு சேர்ந்துதான் கடை நடத்துகிறார். உள்ள உண்மைக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவே.

இன்று போனோம். வேதமுத்து, “ஒரு டீ” என்றார்.

சங்கரபாண்டி தலையைத் துண்டால் துடைத்து, நெஞ்சை நிமிர்த்தி, நாடகத்தில் ராஜா வருவதுபோல முன்னால் வந்தார். “கொலாபரேட்! கொலாபரேட் பண்ணித்தான் சார் கடைய ஓட்டுதேன்! பரோட்டா மாஸ்டரும் நானும் கொலாபரேட்! கொலாபரேட் இல்லாட்டா டீ இல்ல!” என்னைத் திரும்பிப் பார்த்து, “சரியாண்ணாச்சி?” என்றார்.

பரோட்டா மாஸ்டர் உள்ளேயிருந்து கேட்டார். “ஏம்ணே, யாரு மேல கேஸு?”

வேதமுத்து எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதி முடித்தார். ‘சரியாண்ணாச்சி’யையும் சேர்த்துத்தான். நோட்டை மூடினார்.

“எத்தன நாளாவே ரிகர்சல்?”

நான் டீயைப் பார்த்தேன். அதில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

ஜூலை 12, சனி

மாடியில் என் அலமாரி காலி. அந்த மூன்று மாத அட்டைப் பெட்டியை வேதமுத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோமதியம்மாவிடம், “சரிபாக்கணும்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நாலு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்த மனுஷன், ஒரு வார்த்தை என்னிடம் கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏழெட்டுதான் இருக்கும். ஏழெட்டுக்காக ஒரு பெட்டியையே தூக்குவார்களா?

ஜூலை 13, ஞாயிறு

கறி வாங்கினேன். முழுக்க எலும்பாகப் போட்டுவிட்டான். இந்த ஊரில் யாரை நம்புவது?

ஜூலை 15, செவ்வாய்

மூன்று நாளாக அவர் அச்சகத்துக்கு வரவில்லை. இன்று மானத்தை விட்டு அவர் வீட்டுக்கே போனேன். பெட்டியைக் கேட்டு வாங்கிவிடலாம், அல்லது குறைந்தபட்சம் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

அவர் இல்லை. மனைவி ஜெயசீலி அக்காதான் இருந்தார்.

“காலையில ஏழு மணிக்குப் போனாக. வெளக்கு வச்ச பொறகுதான் வாறாக. ஆபரேசன் பண்ணுன கண்ணு, வெயில்ல அலையாதியன்னா கேக்கல. ஒங்க அட்டையில இருக்க ஆளுகளத் தேடித்தான் தம்பி அலையுதாக. நேத்து தென்காசி. முந்தாநாளு வள்ளியூரு.”

தென்காசி! வள்ளியூர்! நான் ஏன் அந்த அட்டையில் வள்ளியூர் பஸ் டிரைவர் என்று எழுதித் தொலைத்தேன்? பாளையங்கோட்டை டிரைவர் என்று எழுதியிருந்தால் மனுஷனுக்கு அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.

“என்ன தேடுதாரு அக்கா, சொன்னாரா?”

“அவுக எங்கிட்ட எதச் சொன்னாக, இதச் சொல்ல? இருங்க, காப்பி போடுதேன்.”

எனக்கு எதிராக ஆதாரம் திரட்டுகிறார். கோர்ட்டுப் புத்தி எங்கே போகும்? இல்லாத ஆள் இல்லை என்பதை நிரூபிக்க ஊர் ஊராகப் போகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மேசையில் பெட்டி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், கை தானாக எண்ணியது. பதினைந்து வரை எண்ணினேன், காப்பி வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

அவர் போட்டுக் கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கோமதியம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம் சிரிப்பாக வந்துவிட்டது. இரண்டாவதில் என் ஏழ்மையான இளமையைப் பற்றி எழுதிவிட்டேன், அதுவும் முழு உண்மை இல்லை. மூன்றாவதில் இரண்டே வரி.

‘நானும் வேதமுத்துவும் நாலு வருஷமாகக் கொலாபரேட் பண்ணுகிறோம். அதில் அலைந்தது அவர், பேர் வாங்க நின்றது நான்.’

அதற்கு மேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டேன். இசக்கி பெருக்கும்போது, “எழுதுறதும் கிழிக்கிறதுமா இருக்கிய, முகப்புல பேரு வருமா வராதா?” என்றாள். வரும் என்றேன். “அண்ணன் அம்பது புஸ்தகம் வாங்குதேன்னு சொல்லியிருக்காரு. கல்யாணத்துல குடுக்கதுக்கு.” அவர் கிண்டலுக்குச் சொல்லியிருப்பார் என்றேன். “இல்ல, இந்த மட்டம் சிரிக்காமச் சொன்னாரு.”

அதுதான் என்னை அடித்தது. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

அச்சகத்திலிருந்து வரச் சொல்லி ஆள் வந்தது. கோமதியம்மா, வேதமுத்து, நடுவில் பெட்டி. வேதமுத்துவின் முகம் கருத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. நான் கூண்டில் ஏறுகிறவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“எல்லாம் பாத்துட்டேம்மா” என்றார் அவர். “சரியா இருக்கு.”

கோமதியம்மா என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன்.

“அப்ப ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருவியளா?”

“போட்டுருவோம். ஒரு அட்டைக்கு மட்டும் இருவத்தஞ்சு வரைக்கும் டயம் வேணும்.”

கோமதியம்மா கீழே போனதும் பெட்டியைத் திறந்தேன். முப்பத்தெட்டு. ஆமாம், முப்பத்தெட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் என் வாக்கியத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, கீழே புதிய வாக்கியம். நிஜமான வாக்கியங்கள். மொட்டை மொட்டையாக, சுவாரசியமே இல்லாமல், பாதியில் நின்றுபோய், மூச்சு விடுகிற வாக்கியங்கள். வள்ளியூர் டிரைவர் நிஜமாகவே ஒருவர், பெயர் மரியசெபாஸ்டின், ‘கிளட்ச்சு மாத்தணும்னு எழுதிக் குடுத்து ஆறு மாசமாச்சு’ என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது நாளில் முப்பத்தெட்டு.

ஒவ்வொன்றுக்கும் கீழே: ‘கேட்டவர்கள்: சா.வே., ஆ.ஆ. இருவரும்.’

“நான் கேக்கலையேவே” என்றேன்.

“ஆமா.”

“பின்ன எதுக்கு எழுதினீரு? நீரு பொய் எழுத மாட்டீருல்லா?”

மூக்கைத் தடவிக்கொண்டார். “முப்பத்திரெண்டு வருசம் அடுத்தவன் சொன்ன பொய்ய ஒரு எழுத்து மாறாம எழுதிக் குடுத்தேன். சொந்தமா ஒண்ணுகூட எழுதல. ஒருக்க எழுதிப் பாப்பமேன்னு இருந்திச்சு.”

“முப்பத்தெட்டா?”

“ஒம்ம கணக்குதான்வே அது.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிடித்துக் கொடுத்திருந்தால் இந்நேரம் அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? இவ்வளவு எரிச்சலூட்டும் மனுஷனை நான் கண்டதில்லை. விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு உட்கார்ந்தார்.

கொலாபரேட் அட்டையை என் முன்னால் வைத்தார். அதில் ஒட்டுத் தாள் இருந்தது, வாக்கியம் இல்லை.

“இது ஒண்ணு எனக்கு எங்கயும் கெடைக்கல. இத நீரு கொண்டாரும். எழுத்துச் சான்றா இருக்கட்டும், என் கையில குடும். தேதி போட்டு, நெசமா. இது வரலன்னா மத்த முப்பத்தெட்டும் வேண்டாம்வே. நான் கையெழுத்துப் போடல. ஒம்ம பேரோட சேத்து என் பேரையும் எடுத்துருவோம்.”

“ஒம்ம பேர எதுக்கு?”

“ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதான?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தேன். “நான் டைரி எழுதுதேன். அதுல எங்கயாவது அந்த வார்த்தை இருக்கும்.”

“நீரு டைரி எழுதுதீரா?”

“ஒண்ணாந் தேதியில இருந்து.”

“நல்லது” என்றார். “கொண்டாரும்.”

ஜூலை 24, வியாழன்

வீட்டில் குழாயடைப்பு. பிளம்பர் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்தார். உலகத்தில் எதுவும் நடக்கும் போலிருக்கிறது.

நோட்டைப் புரட்டினேன். பதினெட்டாம் தேதியில் இருக்கிறது. கிழித்துப் போட்ட கடிதத்தின் இரண்டு வரி. யாருடன், எந்த வேலையில் என்பதெல்லாம் வருகிறது. சமமானவர்கள் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு நோட்டை வேதமுத்துவின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒன்றாம் தேதியிலிருந்து வாசித்தார். டிபன் பாக்ஸ் வரும் இடத்தில் தாடையைச் சொறிந்தார். தேர் வரும் இடத்தில், “ஒம்மத்தான் சொன்னான்” என்றார். மின்விசிறி வரும் இடத்தில் விசிறியை நிமிர்ந்து பார்த்தார். கீழே மிஷினுக்கு மை ஊற்றும் சத்தம் கேட்டது. கோமதியம்மா இரண்டு முறை மாடிப்படியில் பாதி ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினெட்டாம் தேதிக்கு வந்தார். இரண்டு தடவை வாசித்தார்.

“இது ரொம்பச் சுமாரா இருக்குவே.”

“ஆமா.”

“அப்ப நெசமாத்தான் இருக்கும்.”

பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினார். “மை பூராவும் ஒரே மாதிரி இருக்கே?”

“ஒரே பேனா.”

என்னைப் பார்த்தார். தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னால் கோர்ட்டில் ஓர் அமைதி இருக்குமாமே, அவர்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறார், அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு அட்டையை இழுத்து, அந்த வாக்கியத்தை ஒரு புள்ளி விடாமல் எழுதினார். ‘சான்று: ஆ. ஆவுடையப்பன் நாட்குறிப்பு, ஜூலை 18.’ கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். அப்புறம் கோமதியம்மாவின் ‘எல்லாச் சான்றும் நெசம்’ தாள். அதிலும் போட்டோம், முதலில் அவர், பிறகு நான்.

பதினொன்றே காலுக்கு மிஷின் ஏறியது. வடை சாப்பிட்டோம்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. இந்த நோட்டை நான் வாங்கியது நேற்று மதியம்.